ஊரி குளறுகிறது: மட்டக்களப்பில் ‘பார்க்க வேண்டிய இடங்கள்’ குறித்து

1

சுற்றுலாப் பட்டியலை நாம் யாரும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டதில்லை. கவிதைக்கும் நாவலுக்கும் கட்சி அறிக்கைக்கும் செலவழிக்கிற கவனத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட ‘பார்க்க வேண்டிய இடங்கள்’ என்ற தலைப்பின் கீழ் வருகிற பத்து வரிகளுக்குக் கொடுத்ததில்லை. அதெல்லாம் விளம்பரக்காரர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று விட்டுவிட்டோம். ஆனால் ஒரு ஊரைப் பற்றி மிக அதிகம் பேர் வாசிக்கிற பிரதி அதுதான். அந்த ஊருக்குப் போகாதவர்களும் அதன் வழியாகத்தான் ஊரைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். போகப்போக ஊர்க்காரர்களும் தங்கள் ஊரை அந்தப் பட்டியலின் சொற்களாலேயே சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். சாக்கோட்டையில் இருந்துகொண்டு இதை நான் கண்ணாலேயே பார்த்துவருகிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே எடுத்துக்கொள்வது இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் மட்டக்களப்பை. கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு லட்சத்துக்கு உட்பட்ட மக்கள் வாழும் நடுத்தர நகரம். வாவிக்கரையில் அமைந்த பழைய துறைமுகம். பழவேற்காட்டையும் கொல்லத்தையும் போல, கடலுக்குள் நேராக முகம் நீட்டாமல் உப்பங்கழியின் உள்மடியில் உட்கார்ந்திருக்கிற ஊர். இதைப் பற்றி எந்தப் பட்டியலைப் புரட்டினாலும் ஏறத்தாழ இதே வரிசைதான் இருக்கும்: பாடும் மீன்கள், டச்சுக் கோட்டை, கல்லடிப் பாலம், பாலமீன்மடு வெளிச்சவீடு, அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில், கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில், வடக்கே பாசிக்குடாக் கடற்கரை. ‘மீன்பாடும் தேனாடு’ என்பது ஊரின் பட்டப்பெயர்.

இவற்றில் எதுவும் பொய்யில்லை. பட்டியல் பொய் சொல்வதில்லை. அதன் அதிகாரம் இலக்கணத்தில் இருக்கிறது. எல்லா வினைகளும் செயப்பாட்டு வினைகள்: கோட்டை ‘கட்டப்பட்டது’, பாலம் ‘அமைக்கப்பட்டது’, கரை ‘மேம்படுத்தப்பட்டது’. எழுவாய் காணாமல் போய்விடுகிறது. யார் கட்டினார்கள், யாருக்கு எதிராகக் கட்டினார்கள், கல் சுமந்தது யார், கரை மேம்பட்டபோது அங்கே தோணி வைத்திருந்தவன் எங்கே போனான் என்ற கேள்விகளுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. பட்டியலின் உள்ளிருந்தே இந்த எழுவாய்களைத் தேடிப்பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

2

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மட்டக்களப்பு என்ற பெயரிலேயே ‘களப்பு’ இருக்கிறது. களப்பு என்றால் ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்பு. சிங்களத்தில் இதே ஊர் ‘மடகலப்புவ’, சேற்றுக் களப்பு. ஆக இரண்டு மொழியும் ஊரைத் தண்ணீரைக் கொண்டே பெயரிட்டிருக்கின்றன. வாவி கடலுக்கு இணையாக வடக்கு தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீள்கிறது. நகரத்தின் பழைய மையமான புளியந்தீவு உண்மையிலேயே வாவிக்குள் இருக்கும் ஒரு தீவு.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற மணல் நாடாவை எழுவான்கரை என்கிறார்கள். சூரியன் எழும் பக்கம். வாவிக்கு மேற்கே இருக்கிற வயல்நாடு படுவான்கரை. சூரியன் படும் பக்கம். திசையைச் சொல்கிற அழகான சொற்கள் என்று இதை நாம் ரசித்துவிட்டுப் போகலாம். ஆனால் இது வெறும் திசை அல்ல. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கச்சேரி, கடை எல்லாம் எழுவான்கரையில். நெல்லும் மாடும் படுவான்கரையில். படுவானில் விளைந்தது வாவியைக் கடந்து எழுவானுக்கு வரவேண்டும். போர்க்காலத்தில் இந்த நீர்க்கோடு அரசியல் கோடாகவும் ஆயிற்று. எழுவான்கரை ராணுவத்திடம், படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளிடம். மண்முனையில் துறையைக் கடக்கப் படகுப்பாதைதான் இருந்தது. பாலம் 2014இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2013இல், கல்லடியில் புதுப்பாலம் திறக்கப்பட்டது. பட்டியல் காட்டுகிற கல்லடிப் பாலம் அது அல்ல. பக்கத்தில் இருக்கும் பழைய இரும்புப் பாலம். ஆங்கில ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரால் 1924இல் எழுந்த லேடி மானிங் பாலம். மண்முனைத் துறையில் வெள்ளத்திலும் ஷெல்லடியிலும் காத்துக்கிடந்த ஜனங்களின் பெயர் எந்தப் பாலத்துக்கும் இல்லை.

‘துறைமுக நகரம்’ என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 1602இல் ஸ்பில்பெர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல்தலைவன் இந்தக் கரையில் இறங்கி, இங்கிருந்து கண்டிக்குப் போய் மன்னன் விமலதர்மசூரியனைச் சந்தித்தான். ஒல்லாந்தருக்கும் கண்டி அரசுக்குமான உறவு அங்கே தொடங்குகிறது. போர்த்துக்கேயர் பதறிப்போய் வாவிக்கரையில் 1628இல் கோட்டை எழுப்பினார்கள். பத்து வருஷத்தில், 1638இல், கண்டி மன்னன் இரண்டாம் ராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். ‘டச்சுக் கோட்டை’ என்று இன்று பெயர்ப்பலகை தாங்குவது போர்த்துக்கேயர் போட்ட அஸ்திவாரம். ஆங்கிலேயர் காலத்திலும் அதற்குப் பிறகும் நெடுங்காலம் அதற்குள் இருந்தது கச்சேரி, அதாவது மாவட்ட நிர்வாகம். எனவே அது ‘பழைய’ கோட்டை இல்லை. வரி, காணி, பதிவு, அனுமதி என்று அதிகாரம் இடைவிடாமல் குடியிருந்த கட்டடம். தன் காணிப் பத்திரத்துக்காக அதன் வாசலில் நின்ற படுவான்கரை விவசாயிக்கு அது ஒருநாளும் சுற்றுலாத் தலமாக இருந்திருக்க முடியாது.

துறைமுகம் இப்போது பெயரளவில்தான். வாவிக்கு கடலோடு இருக்கிற வாய்கள் இரண்டு: வடக்கே பாலமீன்மடுவில் ஒன்று, தெற்கே கல்லாற்றில் ஒன்று. கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். மாரியில் வெள்ளம் ஏறும்போது அது உடையும், அல்லது மனிதர்கள் வெட்டிவிடுவார்கள். இப்படி மூடித் திறக்கும் வாய்க்குள் பெரிய கப்பல் நுழைய முடியாது. கப்பல் வெளியே கடலில் நிற்க, சரக்கு சிறு வள்ளங்களில் வரும். 1928இல் ரயில் வந்து சேர்ந்ததும் சரக்கு கொழும்புப் பக்கம் திரும்பிவிட்டது. இன்று முகத்துவாரம் யாருக்குப் பிரச்சினை என்றால் வயல்காரனுக்கும் வலைக்காரனுக்கும்தான். வெள்ளம் வயலில் தேங்கினால் முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி வயல்காரன் கேட்பான். நேரம் தப்பி வெட்டினால் தண்ணீர் சரசரவென்று இறங்கி மீனும் இறாலும் அதோடு கடலுக்குப் போய்விடும் என்று வாவியில் வீச்சுவலை எறிகிறவன் மறிப்பான். ஒரு நகரத்தின் அரசியல் முழுவதும் ஒரு மணல் திட்டை எப்போது வெட்டுவது என்பதில் அடங்கியிருக்கிறது. பட்டியலில் முகத்துவாரம் உண்டு, இந்த விவாதம் இல்லை. அங்கே அது ‘மாலை நேரத்தில் சூரிய அஸ்தமனம் காண ஏற்ற இடம்.’

3

இனி, பட்டியலின் முதல் உருப்படிக்கு வருகிறேன்: பாடும் மீன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில், நிலவுள்ள இரவில், கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தால் தண்ணீருக்குள்ளிருந்து இசை கேட்கும் என்கிறார்கள்.

இந்த ஒலியைப் பற்றிப் புகழ்பெற்ற ஆங்கிலப் பதிவு எமர்சன் டெனன்ட் என்பவருடையது. இலங்கையின் காலனியச் செயலாளர். 1848 செப்டம்பரில் மட்டக்களப்புக்கு வந்து, இரவில் வாவிக்குள் போய்க் கேட்டு, 1859இல் வெளியான இலங்கை பற்றிய தன் நூலில் எழுதினார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் அதிர்வைப் போல இருந்ததாம். நமக்கு முக்கியம் அந்த உவமை இல்லை. அவரோடு இருந்த மீனவர்கள் சொன்ன தகவல்தான் முக்கியம். அது மீன் இல்லை, ஊரி என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஊரி என்பது சேற்றில் ஊரும் சின்னச் சங்குப்பூச்சி. தேடிக் கொண்டுவந்தும் காட்டியிருக்கிறார்கள். அந்த ஒலிக்கு அவர்கள் வைத்திருந்த தமிழ்ப் பெயரை டெனன்ட் ஆங்கில எழுத்தில் கோணல்மாணலாக எழுதிவைத்திருக்கிறார். ‘ஊரி கூலீரு கிராடூ’ என்பதுபோல இருக்கும். ‘அழுகிற சங்கு’ அல்லது ‘கத்துகிற சங்கு’ என்று கொள்ளத்தக்க விதத்தில் பொருளும் தருகிறார்.

அந்தக் கோணல் எழுத்தை வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். என் காதுக்கு அது ‘ஊரி குளறுகிறது’ என்றே விழுகிறது. இது என் வாசிப்பு. மொழியியலாளர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் பொருளும் பொருந்தி வருகிறது. ஈழத்துப் பேச்சில் குளறுவது என்றால் ஓங்கி அழுவது. பிள்ளை குளறுது, சாவீட்டில் பெண்டுகள் குளறுகிறார்கள் என்பார்கள். நம் பக்கம் குளறுவது வேறு: நாக்குக் குளறுகிறது, வாய் குளறுகிறது, காரியத்தில் குளறுபடி. அதாவது அங்கே அழுகை, இங்கே தெளிவில்லாத பேச்சு. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த எத்தனையோ அழுகைகளை இந்தப் பக்கம் நாம் உளறலாக வாங்கிக்கொண்டதற்கு, அகராதியிலேயே வழி இருக்கிறது போலும்.

எப்படியானாலும், தோணிக்காரர்கள் சொன்னது ஊரி. நூல்களிலும் பட்டப்பெயரிலும் நின்றது மீன். அவர்கள் சொன்னது குளறல். நின்றது பாடல். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த அமெரிக்க யேசுசபைத் துறவி லாங், நீருக்குள் கருவி இறக்கி அந்த ஒலியைப் பதிவுசெய்தார். எந்த உயிர் எழுப்பும் ஒலி என்பது இன்றுவரை ஒருமனதாக முடிவாகவில்லை. மீன்தான் என்று உறுதிப்படாமலே ஊர் மீன்பாடும் தேனாடாகிவிட்டது.

இந்த நகர்வின் உச்சியில் நிற்பவர் சுவாமி விபுலாநந்தர். அங்கேதான் சாக்கோட்டைச் சீமையும் இந்தக் கதைக்குள் வருகிறது. மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்தவர். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் நிறுவிய பல்கலைக்கழகத்தில் 1931இல் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பிற்காலத்தில் புதுக்கோட்டைச் சிதம்பரம் செட்டியாரின் ஆதரவில் தங்கி யாழ்நூலை எழுதி முடித்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட, 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியது. ஜூலையில் அவர் மறைந்தார். வழக்கொழிந்த ஒரு கருவியை, கணக்கிட்டு, நரம்பு நரம்பாக மீட்டெடுத்த அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதே விபுலாநந்தர் வாவியின் ஒலியை நீரரமகளிரின் பாடலாக்கினார். நீருக்குள் தேவமகளிர் ஏழு சுரங்களை இசைக்கிறார்கள். சேற்றில் ஊரும் பூச்சி மீனாகி, மீன் நீரரமகளாகி, குளறல் பண்ணாகிவிட்டது. நாட்டார் தெய்வம் சிவனின் அம்சமாகி, கள்ளும் கோழியும் போய்ச் சர்க்கரைப் பொங்கல் வருவதை நாம் மேல்நிலையாக்கம் என்கிறோம். ஒலிக்கும் அது நடக்கிறது. தமிழிசை இயக்கத்தின் காலத்தில், இழந்த பெருமையை மீட்கும் பெருங்கதையாடலுக்கு ஒரு பாடும் வாவி தேவைப்பட்டது. குளறும் வாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் ஒருமுறை போனபோது, பாலத்துக்குப் பக்கத்தில் தோணி கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் இதைக் கேட்டேன். “கேக்கும் தம்பி, கேக்காமலும் போகும். இப்ப லைட்டும் வாகனச் சத்தமும் கூடிப்போச்சு. சனம் அடங்கினாப் பிறகு மறுகா வாங்க,” என்றார். மறுகா என்றால் அந்த ஊரில் ‘பிறகு’. பட்டியல் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சொல் பிடிபடாது. பட்டியலில் எல்லாம் எப்போதும் கிடைக்கும்.

4

அடுத்து, பட்டியலில் இல்லாத இடங்கள். 1990 ஜூன் 11இல் கிழக்கில் போர் மறுபடி மூண்டது. சரணடைந்த பொலிஸ்காரர்களை நூற்றுக்கணக்கில் புலிகள் கொன்றார்கள். ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை: நகரத்துக்குத் தெற்கே காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களைப் புலிகள் சுட்டார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், சிறுவர்களும் அதில் உண்டு. ஆகஸ்ட் 11 இரவு, வடக்கே ஏறாவூர்: மறுபடி முஸ்லிம் குடும்பங்கள், மறுபடி நூறுக்கு மேல். செப்டம்பர் 5: வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாகத் தஞ்சமிருந்த தமிழர்களில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோரை ராணுவம் கொண்டுபோயிற்று. அவர்கள் திரும்பவில்லை. செப்டம்பர் 9: நகரத்தின் வடக்கு விளிம்பில் சத்துருக்கொண்டானையும் பக்கத்துக் கிராமங்களையும் சேர்ந்த தமிழர்கள், பெண்களும் கைக்குழந்தைகளும் உட்பட, ராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருஷம் ஜூன் 12, 1991இல் கொக்கட்டிச்சோலையில் கண்ணிவெடியில் ராணுவத்தினர் இறந்ததற்குப் பழியாக நடந்த படுகொலையில் 67 பேர் இறந்ததாக அரசு நியமித்த விசாரணைக் குழுவே சொல்லிற்று. பட்டியல் தான்தோன்றீஸ்வரரைத் தரிசிக்க அனுப்புகிற அதே கொக்கட்டிச்சோலைதான் இது.

ஆகஸ்ட் 3க்கும் செப்டம்பர் 9க்கும் நடுவே ஐந்து வாரம் இரண்டு நாள். இடங்கள் எல்லாம் ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குள். இந்த நெருக்கத்தைக் கவனிக்க வேண்டும். இது தூரத்து இரண்டு சமூகங்களின் சண்டை இல்லை. மட்டக்களப்பில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் மொழி ஒன்று, நெல் ஒன்று, வாவி ஒன்று. இருவருமே தாய்வழிக் குடிகளாக வாழ்கிறவர்கள். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போகிறான், வீடு பெண்ணுக்கு. குடிமுறை பள்ளிவாசல் நிர்வாகத்திலும் உண்டு, கோயில் நிர்வாகத்திலும் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் முக்குவர் சட்டம் என்று எழுத்தில் கொண்டுவரப்பட்ட தாய்வழிச் சொத்துரிமை இந்தக் கரைக்கு உரியது. இவ்வளவு தூரம் ஒன்றுக்குள் ஒன்றாக நெய்யப்பட்ட வாழ்க்கை ஐந்து வாரத்தில் கிழிந்தது.

அரசின் பட்டியலில் சத்துருக்கொண்டான் இருக்காது, அது எதிர்பார்த்ததுதான். நம் பட்டியலில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்போம். 1980களிலும் 90களிலும் தமிழ்நாட்டில் சிறுபத்திரிகை நடத்தியவர்களும் மேடையில் பேசியவர்களும் ஈழத்துக்கென்று ஒரு பட்டியல் வைத்திருந்தோம். அதில் கொக்கட்டிச்சோலை இருந்தது, வந்தாறுமூலை இருந்தது. காத்தான்குடியை முணுமுணுப்பாகக்கூடச் சொன்னவர்கள் சிலரே. சொன்னவர்களை ‘குழப்புகிறவர்கள்’ என்றோம். அதாவது, குளறுகிறவர்கள். அந்தப் பள்ளிவாசல் சுவரில் குண்டு துளைத்த தடங்களைப் பூசி மறைக்காமல் நினைவாக விட்டுவைத்திருக்கிறார்கள். மட்டக்களப்பில் தமிழர் ஒருவர் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது அந்தச் சுவர். விடுதலையைப் பேசிய பிரதியும் சுற்றுலாவைப் பேசுகிற பிரதியும் ஒரே இலக்கணத்தில் இயங்குவது இங்கேதான்: தனக்கு வசதிப்படாத எழுவாயை நீக்கிவிடுவது.

வெட்டுப்பட்ட இடத்தில் சதை சேரவில்லை என்பதை 2019 ஏப்ரல் 21 காட்டிற்று. ஈஸ்டர் காலையில் நகரத்தின் சீயோன் தேவாலயத்தில் வெடித்த தற்கொலைக் குண்டில் இறந்தவர்களில் ஞாயிறு வகுப்பு முடிந்து நின்ற குழந்தைகள் பலர். அதன்பிறகு அந்த ஊர்களில் முஸ்லிம் கடைக்குப் போகத் தயங்கிய தமிழரும், தமிழர் தெருவில் நடக்கத் தயங்கிய முஸ்லிம்களும் 1990இல் பிறந்திராத தலைமுறையினர்.

5

பேரழிவு பார்வைப்பொருளாவதும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்தபோது கல்லடி, நாவலடிக் கரை சிதைந்துபோயிற்று. அங்கே கடலைப் பார்த்து நின்ற திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. ‘சாய்ந்த கோபுரம்’ இன்று பட்டியலில் இருக்கிறது. படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் அந்தக் கரையில் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள் உள்ளே தள்ளிப் புதுக் குடியேற்றங்களில் இருக்கிறார்கள். கோபுரம் எவ்வளவு பாகை சாய்ந்திருக்கிறது என்று கேட்கிறவர்கள், அவர்கள் கடலுக்குப் போக எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று கேட்பதில்லை. பாசிக்குடாவிலும் இதே கதைதான். 2009இல் போர் முடிந்ததும் ‘கிழக்கின் உதயம்’ என்ற வளர்ச்சிச் சொல்லாடலின் கீழ் விடுதிகள் வரிசையாக எழுந்தன. ஆழமில்லாத, அலையில்லாத அழகான குடா. அதே காரணத்துக்காகத்தான் அங்கே மீனவர்கள் தோணி கட்டினார்கள். தோணி வைக்கிற இடம் சுருங்கியது.

இதையெல்லாம் இங்கே உட்கார்ந்து எழுத எனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். எங்கள் சீமையும் இப்போது பட்டியலில் இருக்கிறது என்பதுதான் பதில். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. கானாடுகாத்தான் அரண்மனை, காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுவர்ப்பூச்சு. வருகிறவர்கள் சுவரைத் தடவிப் பார்த்து வியக்கிறார்கள். சுவரை வழவழவென்று தேய்த்த கொத்தனாரும் சித்தாளும் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், அந்த வீட்டின் எந்த வாசல்வரை அவர்கள் வரலாம் என்று எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்கிறார்கள். கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் வசமான நிலம், பொருளாதாரப் பெருமந்தத்தில் கடன் கட்டமுடியாமல் போன விவசாயிகளின் வயல்கள் கைமாறியதால், 1937 வாக்கில் 25 விழுக்காடானது. இதைச் சொல்லாமல் அந்தத் தூணை எப்படிப் பார்ப்பது?

எங்கள் அப்பத்தா “அக்கரைக்குப் போனவுக” என்று ஒரு சொல் சொல்லும். வட்டிக்கடைக்குப் போனவர்கள், அந்தக் கடைக்குச் சமைக்கப் போனவர்கள், கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர்கள், தேயிலைக்குப் போய் 1948 குடியுரிமைச் சட்டத்தில் நாடற்றவராகித் திரும்பியவர்கள், எல்லாரும் அதில் அடக்கம். பட்டியலில் மிஞ்சியது வட்டிக்கடைக்காரரின் வீடு மட்டும். சாக்கோட்டையில் வீரசேகரர் கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்களிடம் எங்கள் பையன்கள் இப்போது “செட்டிநாட்டுப் பாரம்பரியம்” என்று பேசுகிறார்கள். அந்தப் பாரம்பரியத்தில் தன் தாத்தா எங்கே நின்றார் என்று அந்தப் பையனுக்குத் தெரியாது. அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவன் வாசித்த பிரதி அது.

6

சுற்றுலாவை ஒழிக்க வேண்டும் என்பதல்ல என் முடிவு. மட்டக்களப்பில் தோணிக்காரருக்கும் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற பெண்ணுக்கும் அந்த வருமானம் வேண்டும். ஜனங்கள் வரட்டும், பார்க்கட்டும். பட்டியலைக் கிழித்துப்போட்டால் அதன் இடத்தில் இன்னொரு பட்டியல் வரும், அவ்வளவுதான். எழுதுகிறவர்களாகவும் இயக்கங்களில் வேலை செய்கிறவர்களாகவும் நாம் செய்யக்கூடியது பட்டியலின் இலக்கணத்தை மாற்றுவது. அவரவர் ஊரில் உட்கார்ந்து ஒரு மாலையில் செய்யக்கூடிய வேலை இது. செயப்பாட்டு வினை ஒவ்வொன்றையும் செய்வினையாகத் திருப்பி எழுதுவது. இடத்துக்குப் பலகையில் இருக்கிற பெயரோடு அங்கே வேலை செய்கிறவர்கள் சொல்லும் பெயரையும் கேட்டு எழுதுவது. நம் தரப்புச் செய்த கொலை நடந்த இடத்தை, நம்மவர் செத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் எழுதுவது. மூன்றாவதுதான் கஷ்டம். அதைச் செய்யாதவரை முதல் இரண்டும் நாட்டார் வழக்காற்றுச் சேகரிப்பாகவே நின்றுவிடும்.

மட்டக்களப்பு வாவிக்கு இது இப்படி வரும்: போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பிடித்து, ஆங்கிலேயர் வரி வாங்கிய கோட்டை. வயல்காரரும் வலைக்காரரும் வழக்கடிக்கிற முகத்துவாரம். புலிகள் சுட்ட காத்தான்குடிப் பள்ளிவாசல். ராணுவம் ஆட்களைக் கொண்டுபோன வந்தாறுமூலை. ஐந்து மைல் பத்து மைல் இடைவெளியில் ஒருவர் அழுததை மற்றவர் கேட்காமல் போன கரை. நடுவில், மீனவர்கள் ஊரி என்று சொன்ன, நாம் மீன் என்று எழுதிக்கொண்ட ஒலி.

அந்த ஒலி பாட்டா அழுகையா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. தோணிக்காரர்கள் துரையிடம் 1848இலேயே ஒன்றைச் சொன்னார்கள், அவரும் எழுதிவைத்தார், நாம் அதை வாசிக்காமல் தாண்டிப் போனோம். மட்டக்களப்பைப் பற்றி அடுத்து யாராவது எழுதும்போது ‘மீன்பாடும் தேனாடு’ என்று தொடங்குவதற்கு முன்னால் இந்தப் பெயரையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளட்டும்.